ஆப்பிள் பிறந்தது கேரேஜில் இல்லை, ஆபீஸ் மேஜையில்

ஆப்பிள் ஒரு கேரேஜில் பிறந்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக்கைக் கேட்டால், அதில் பாதி கட்டுக்கதை என்கிறார். வரைந்தது, சிப்புகளைக் கோத்தது, பற்றவைத்தது எல்லாம் கலிபோர்னியாவின் கூப்பர்ட்டினோவில், அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஹெச்பி (ஹ்யூலெட்-பேக்கர்ட்) என்ற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஆபீஸில், அவருடைய மேஜையில்தான்.

[திரையில்: ஆல்டேர் 8800 முன்பக்கம்]

1975 ஜனவரியில் 397 டாலருக்கு ஆல்டேர் 8800 என்ற இந்த கம்ப்யூட்டர் பெட்டி, பாகங்களை நாமே கோத்துக்கொள்கிற கிட்டாக விளம்பரமானது. கீபோர்டு இல்லை, திரை இல்லை, நினைவகம் வெறும் 256 பைட். சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி புரோகிராமை ஏற்றி, எந்த விளக்கு எரிகிறது எது அணைந்திருக்கிறது என்று பார்த்து விடையை நாமே படித்துக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் அவ்வளவு அடிதடி!

அதே வருஷம் மார்ச் 5 அன்று, பக்கத்து ஊரான மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டு கேரேஜில் (ஆமாம், இங்கே கேரேஜ் நிஜம்) முப்பது பேர் போலக் கூடினார்கள். அதுதான் வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். வோஸ்னியாக்கை அங்கே இழுத்துப் போனவர் ஹெச்பியில் கூட வேலை பார்த்த ஆலன் பாம். கூட்டம் பெருகியதும், ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கி மையத்தின் அரங்கத்துக்கு இடம் மாறினார்கள். பகலில் பக்கத்து கம்பெனிகளில் சர்க்யூட் போடுகிறவர்கள் பலர் ராத்திரி இங்கே வந்து அதையே பேசுவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வோஸ்னியாக் மறுபடி ஆபீஸுக்கு வந்துவிடுவார். சொந்த வேலைக்கும் ஸ்டோரிலிருந்து பாகங்களை எடுக்க ஹெச்பி இன்ஜினியர்களை விட்டார்கள். கையை வைத்துப் பார்த்தால்தானே கற்றுக்கொள்வான் என்ற கணக்கு. நிறுவனர் பில் ஹ்யூலெட் ஒரு வார இறுதியில் ஸ்டோர் பூட்டியிருப்பதைப் பார்த்துப் பூட்டையே வெட்டிவிட்டு, இனி பூட்டாதீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பது அந்த கம்பெனியில் பிரபலமான கதை. என்னைக் கேட்டால், கேரேஜைவிட அந்தப் பூட்டு முக்கியம்.

அப்புறம் விலை. ஆல்டேருக்கு மூளையாக இருந்த இன்டெல் 8080 சிப் சில்லறையில் 360 டாலர். அதே வேலைக்கு 1975-இல் வந்த 6502 சிப் 25 டாலர். சம்பளக்காரன் கைக்கு எட்டுகிற விலை. அதில் கீபோர்டையும் டிவியையும் சேர்த்து அவர் செய்ததுதான் ஆப்பிள் I. வரைபடத்தை கிளப்பில் சும்மாவே கொடுத்தார்.

வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று முதலில் ஹெச்பிக்கே கொடுத்துப் பார்த்தார், வேண்டாம் என்றுவிட்டார்கள். 1976-இல் அது 666.66 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஹெச்பி தன் பங்குக்கு ஹெச்பி-85 என்ற பர்சனல் கம்ப்யூட்டரை இறக்கியது 1980-இல். அதற்குள் ஆப்பிளின் அடுத்த கம்ப்யூட்டரான ஆப்பிள் II சந்தைக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகிவிட்டது.