சீசர் எட்டி உதைத்த ஏணி

அவைத் தலைவர் அவர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஜூலியஸ் சீசர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கத்திக்குத்துதான். கி.மு. 44 மார்ச் 15. வயது 55. உடம்பில் 23 காயங்கள். "பேராசைப்பட்டார், முடிசூட நினைத்தார், கொன்றுவிட்டார்கள்" என்று கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். இந்த விளக்கம் போதாது. பதவி ஆசை இல்லாத செனட் உறுப்பினர் அன்றைய ரோமில் இல்லை. அந்தக் குடியரசே அந்த ஆசையின் மேல்தான் நின்றது.

அது நின்ற விதத்தைப் பாருங்கள். முப்பது வயதில் குவெஸ்டர் ஆகலாம். கருவூலக் கணக்கு பார்க்கிற வேலை, ஆண்டுக்கு 20 இடம். அதற்கு மேல் பிரீட்டர். வழக்கு விசாரிப்பார், படை நடத்துவார், 8 இடம். உச்சியில் கான்சல், 42 வயது ஆகியிருக்க வேண்டும், இரண்டே இடம். எதுவாக இருந்தாலும் ஓராண்டுதான். மக்கள் வாக்களித்துத்தான் வர வேண்டும். ஆண்டுதோறும் இருபது பேர் முதற்படியில் கால் வைத்தால் உச்சிக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். தாத்தா கான்சலாக இருந்த வீட்டில் பேரன் கான்சல் ஆகவில்லை என்றால் அது குடும்பத்துக்கே தலைகுனிவு. இந்த ஏணி கண்ணுக்கு எதிரே நிற்கும்வரை அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வெறுத்தாலும் பொறுத்துக்கொண்டார்கள். இந்த ஆண்டு உனக்கு, அடுத்த ஆண்டு எனக்கு.

சீசரும் இதே ஏணியில் ஏறியவர்தான், கடன் வாங்கி ஏறியவர். கி.மு. 65இல் ஈடில் பதவியில், அதாவது நகரப் பராமரிப்பையும் விழாக்களையும் பார்க்கிற பதவியில் இருந்தபோது 320 இணை கிளாடியேட்டர்களை இறக்கி மக்களுக்கு விளையாட்டு நடத்தினார். கி.மு. 61இல் ஸ்பெயினுக்கு ஆளுநராகப் புறப்படும்போது கடன்காரர்கள் வழிமறித்துக்கொண்டார்கள். பெரும் செல்வரான கிராசஸ் 830 டாலன்ட்டுக்குப் பிணை நின்ற பிறகே விட்டார்கள். இன்றைய அளவில் கிட்டத்தட்ட 21 டன் வெள்ளி! அவ்வளவு கடனையும் ஒரு மாகாணமோ ஒரு போரோதான் அடைக்க முடியும். இன்றைய பிரான்ஸ் இருக்கும் கால் (Gaul) என்ற நாட்டில் எட்டு ஆண்டு அவர் போர் நடத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கே அவருடைய தலைமை என்ன என்பதற்கு அலேசியா ஒன்று போதும். கி.மு. 52. கால் மக்களின் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்ஸ் எண்பதாயிரம் பேரோடு ஒரு குன்றின் மேல் ஊருக்குள் இருக்கிறார். கையில் முப்பது நாள் தானியம்தான். அவரை மீட்கப் பெரும்படை வந்துகொண்டிருக்கிறது. சீசர் ஊரைச் சுற்றி உள்நோக்கி 11 மைல் அரண் எழுப்பினார். தன் முதுகைக் காக்க வெளிநோக்கி 14 மைலுக்கு இன்னொன்று எழுப்பினார். பன்னிரண்டு அடி மண்மேடு, எண்பது அடிக்கு ஒரு கோபுரம், முன்னால் பதினைந்து அடி அகலத்தில் இரண்டு அகழி. அகழிக்கு முன்னால் மூன்றடிக் குழிகள், எட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் தொடைப் பருமன் கழி, முனை சீவித் தீயில் வாட்டியது, நான்கு விரற்கடை மட்டும் வெளியே தெரியும். மேலே சுள்ளியும் தழையும் போட்டு மூடியிருப்பார்கள். வீரர்கள் அதற்கு லில்லிப்பூ என்று பெயர் வைத்தார்கள். இதைச் செய்தவர்கள் பகலில் கோதுமையும் மரமும் தேடிப்போய், அதே நாளில் மண்ணும் வெட்டிய வீரர்கள். சம்பளத்தை இரட்டிப்பாக்கியது மட்டும் காரணமில்லை. அவர்கள் நிற்கிற இடத்தில் அவரும் நின்றார். கடைசி நாள் தாக்குதலில் செந்நிற மேலாடையோடு தானே இறங்கினார். தூரத்திலிருந்தே நிறத்தை வைத்து அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

படையோடு தாண்டக் கூடாத எல்லை ஆறு ரூபிகான்; அதை சீசர் தாண்டிய கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். கி.மு. 50 டிசம்பரில், சீசர், அவருடைய போட்டித் தளபதி பாம்பே இருவரும் படையைக் கலைக்கட்டும் என்ற தீர்மானத்துக்கு செனட்டில் ஆதரவு 370, எதிர்ப்பு 22. ஆனாலும் தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. பதவி இல்லாமல் ரோமுக்குத் திரும்பினால் சீசர் மேல் வழக்குப் போட எதிரிகள் காத்திருந்தார்கள். வழக்கில் தோற்றால் நாடு கடத்தல். கி.மு. 49 ஜனவரியில் ஒரே ஒரு லெஜியனோடு, அதாவது சுமார் ஐயாயிரம் வீரர் கொண்ட ஒரு படைப்பிரிவோடு, ஆற்றைத் தாண்டினார்.

இனிதான் நான் சொல்ல வந்தது. முந்தைய சர்வாதிகாரி சுல்லா, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலைச் சந்தையில் ஒட்டியவர். சீசர் அப்படிச் செய்யவில்லை. இத்தாலியில் கோர்ஃபினியம் நகரம் கைக்கு வந்தபோது எதிரணித் தளபதி டொமிஷியஸ் உட்பட அகப்பட்ட செனட்டர்களை அப்படியே விட்டார். டொமிஷியஸ் கொண்டுவந்திருந்த அறுபது லட்சம் செஸ்டர்ஸ் காசையும் திருப்பிக் கொடுத்தார். டொமிஷியஸ் நேரே மசிலியாவுக்கு, இன்றைய மார்சேய்க்குப் போய் அவரை எதிர்த்தார், பிறகு கிரேக்கத்தில் பாம்பே தோற்ற ஃபார்சலஸ் போரிலும் எதிர்த்தார். ஃபார்சலஸில் தோற்ற புரூட்டஸுக்கு மன்னிப்பு. காஷியஸுக்கும் மன்னிப்பு. கி.மு. 44இல் இருவரும் பிரீட்டர்கள்; பின்னால் கொலைச் சதியை நடத்தியவர்களும் இவர்கள்தான்.

மன்னிப்பு நல்லதுதானே என்று கேட்கலாம். உயிர் பிழைத்தவருக்கு நல்லதுதான். ஆனால் மன்னிக்கிறவர் யார்? அரசன் குடிமகனை மன்னிப்பான். சமமானவர் சமமானவரை மன்னிக்க முடியாது. சீசரின் தீராத எதிரியான செனட்டர் கேட்டோ, வட ஆப்பிரிக்காவின் யூட்டிக்காவில் சொன்னது இதைத்தான்: என் உயிர் அவர் கொடுக்கிற பொருளே இல்லை, சட்டத்தை மீறியவரிடம் அதற்கு நான் நன்றிக்கடன் படமாட்டேன். சொல்லிவிட்டு வயிற்றில் வாளைச் செருகிக்கொண்டார். சீசரின் கருணைக்கு ஒரு கோயிலே கட்டுவதாக செனட் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் அது என்ன கசப்பாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உயிர் அப்படி அருளாக மாறியது போலவே பதவியும் மாறியது. தன் பக்கம் நின்றவர்கள் நிறையப் பேர், எல்லோருக்கும் கைம்மாறு செய்ய வேண்டும். குவெஸ்டர் இடங்களை 40 ஆக்கினார், பிரீட்டர் 16, செனட் 900. இடம் பெருகப் பெருக மதிப்புக் குறைந்தது. கி.மு. 45 டிசம்பர் 31 காலையில் ஒரு கான்சல் இறந்துபோனார். மீதமிருந்த சில மணி நேரத்துக்குக் கனினியஸ் ரெபிலஸ் என்பவரைக் கான்சலாக்கினார் சீசர். அந்தக் கான்சல் ஆட்சியில் யாரும் மதிய உணவு சாப்பிடவில்லை என்று பேச்சாளரும் செனட்டருமான சிசரோ நண்பருக்கு எழுதினார், நீ நேரில் பார்த்திருந்தால் கண்ணீரை அடக்கியிருக்க மாட்டாய் என்றும் சேர்த்து எழுதினார். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் தவம் கிடந்த பதவி, ஒரு பிற்பகலுக்கு நண்பனுக்குக் கொடுக்கிற பரிசாகிவிட்டது.

அடுத்து, கிழக்கே இன்றைய ஈரான் பக்கம் இருந்த பார்த்திய அரசின் மேல் படையெடுப்புத் திட்டம். 16 லெஜியன், 10,000 குதிரைப்படை. பல ஆண்டு ஆகும். அதனால் வருகிற ஆண்டுகளின் பதவிகளையும் முன்கூட்டியே நிரப்பிவிட்டார். கி.மு. 43க்கு ஹிர்ஷியஸும் பான்சாவும், 42க்கு டெசிமஸ் புரூட்டஸும் (முன்பு சொன்ன புரூட்டஸ் அல்ல, வேறொருவர்) பிளாங்கஸும். ஏணியையே எட்டி உதைத்தது இந்த இடத்தில்தான் என்பது என் முடிவு. தேர்தல் பெயருக்கு நடக்கும், யாருக்கு எந்த ஆண்டு என்பது ஒருவர் கைச்சீட்டில் இருக்கும். பிப்ரவரியில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். முன்பு பத்தாண்டுக்கு என்று வாங்கியபோதாவது எண்ணிக்கொண்டு காத்திருக்க ஒரு தேதி இருந்தது. அந்தப் பட்டத்தையும் அவர் முகத்தையும் பொறித்து வெள்ளிக்காசு வெளிவந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரின் முகம் ரோமில் அடித்த காசில் வந்தது அதுவே முதல் முறை. லூபர்காலியா விழாவில் சீசரின் தளபதி அந்தோணி நீட்டிய முடியை அவர் மறுத்ததைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முடி இல்லாமலே எல்லாம் முடிந்திருந்தது.

சதியில் சேர்ந்தவர்கள் அறுபதுக்கு மேல். பழைய எதிரிகள் மட்டுமல்ல, அவருக்காகப் போரிட்டவர்களும் உண்டு. டெசிமஸ் 42க்குக் கான்சல் பதவி உறுதி செய்யப்பட்டவர், சீசரின் உயிலில் இரண்டாம் நிலை வாரிசு. கொலை நாள் காலை வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்த சீசரைப் பேசிப் பேசிக் கூட்டிவந்தவர் டெசிமஸ்தான். மெய்க்காப்பாளரை சீசர் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். படையெடுப்புக்குப் புறப்பட மூன்றே நாள் பாக்கி. பாம்பேயின் அரங்கத்தை ஒட்டிய மண்டபம். டில்லியஸ் சிம்பர் அருகில் வந்தார், நாடு கடத்தப்பட்ட தன் சகோதரனை மன்னித்துத் திரும்ப அழைக்க வேண்டும் என்று மனுச் செய்தார். சீசர் மறுத்தார். மேலாடையைப் பிடித்து இழுத்தார் சிம்பர். அதுதான் சைகை. முதல் குத்து காஸ்காவுடையது. உடலைப் பார்த்த மருத்துவர் ஆன்டிஸ்டியஸ் 23இல் உயிரை எடுத்தது ஒன்றுதான், மார்பில் விழுந்த இரண்டாவது என்றார்.

கொன்றவர்களிடம் அடுத்த நாளுக்குத் திட்டம் இல்லை. படை இல்லை. அந்தோணியைத் தொட வேண்டாம் என்று புரூட்டஸ் தடுத்திருந்தார். மார்ச் 17இல் செனட் கூடியது. சீசர் கொடுங்கோலர் என்று அறிவித்தால் அவர் செய்த நியமனங்கள் எல்லாம் செல்லாது. அப்படியானால் புரூட்டஸ் பிரீட்டர் இல்லை, காஷியஸ் இல்லை, டெசிமஸின் மாகாணமும் கான்சல் பதவியும் இல்லை. அந்தோணி இதை எடுத்துச் சொன்னதும் சபை வழிக்கு வந்தது. கொலையாளிகளுக்கு மன்னிப்பு, சீசர் செய்தவை அனைத்தும் செல்லும். கொன்றவர்கள் கொல்லப்பட்டவரின் கையெழுத்தை நம்பித்தான் பதவியில் நீடித்தார்கள்.

சில நாளில் உயிலைப் படித்தார்கள். ஒவ்வொரு குடிமகனுக்கும் 300 செஸ்டர்ஸ், டைபர் ஆற்றுக்கு அப்பால் உள்ள தோட்டம் மக்களுக்கு. கையில் கிடைத்த பெஞ்சுகளை உடைத்து, மன்றத்திலேயே சீசருக்குச் சிதை மூட்டினார்கள். கொன்றவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அந்தோணியும் சீசரின் வாரிசு ஆக்டேவியனும் தளபதி லெபிடஸும் சுல்லாவின் பட்டியலை மறுபடி ஒட்டினார்கள். சிசரோவின் தலை அதில் போனது.

கிழக்கே படை திரட்டிய புரூட்டஸும் காசு அடித்தார். ஒரு பக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்ற நாள். திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் புரூட்டஸின் முகம்.

நம் கோவை, கரூர்ப் பக்கம் மண்ணில் கிடைக்கிற ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ் காலத்தவை ஏராளம். அகஸ்டஸ் என்பது அதே ஆக்டேவியன், உயிலில் முதல் வாரிசு, பின்னர் தெய்வமாக அறிவிக்கப்பட்ட சீசரின் வளர்ப்பு மகன். அந்தக் காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விளிம்பைச் சுற்றிப் படித்தால் முதல் சொல் சீசர். அடுத்தது அகஸ்டஸ். அதற்கடுத்து, தெய்வத்தின் மகன்.