எட்டுக்கு ஐந்து

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாணவரின் எழுத்தை வளர்ப்பது மதிப்பெண்ணா, ஆசிரியரின் குறிப்புரையா என்னும் வழக்கில், குறிப்புரையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

மதிப்பெண் இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தன் நிலை எப்படித் தெரியும் என்று எதிரணித் தலைவர் கேட்டார். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். ஐந்து வாங்கிய மாணவனுக்கு மூன்று குறைந்தது தெரிகிறது; எந்த வரியில் குறைந்தது என்று தெரிகிறதா? கணக்கில் விடை தவறினால், தவறிய படியை அவனே தேடிப் பிடித்துவிடலாம். கட்டுரையில் அது இயலாது. படிப்பவரின் மனம் எந்த இடத்தில் விலகிப்போயிற்று என்பதைப் படித்தவர்தாம் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்பில் 'என் பாட்டி' என்று ஒரு கட்டுரை எழுதினேன். அன்பே உருவானவர், அறிவே வடிவானவர் என்று வழிகாட்டி நூலில் இருந்ததையெல்லாம் அடுக்கியிருந்தேன். நடுவே, என்னையறியாமல், 'பாட்டி அரிசி புடைப்பார்' என்று ஒரு வரி விழுந்திருந்தது. தமிழாசிரியை மதிப்பெண் போடவில்லை. அந்த வரிக்கு மட்டும் அடிக்கோடிட்டு, ஓரத்தில், "அப்போது நீ எங்கே உட்கார்ந்திருப்பாய்?" என்று எழுதியிருந்தார். அன்று மாலை திண்ணையில் பாட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். முறம் எழும்பித் தாழும்போது தவிடு என் முழங்காலில் படிந்ததையும், பாட்டி பேச்சை நிறுத்தாமலே கல்லைப் பொறுக்கி எறிந்ததையும் எழுதி, மறுநாள் ஏட்டை நீட்டினேன். ஏழு மதிப்பெண் போட்டிருந்தால் நான் அந்தத் திண்ணைக்குப் போயிருக்க மாட்டேன், நடுவர் அவர்களே.

மதிப்பெண்ணையும் போட்டு, குறிப்பையும் எழுதினால் என்ன என்று எதிரணியினர் சமரசம் பேசுவார்கள். 1988இல் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர்களிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவதற்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் திறனிலும் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தக் குறிப்புரையால் பயன் விளையவில்லை. அங்கே தரப்பட்டவை கட்டுரைகள் அல்ல, சொல்லாக்கம் போன்ற பயிற்சிகளே என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயினும், ஏட்டைத் திருப்பித் தந்ததும் நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது? பிள்ளை எண்ணைப் பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்க்கிறான், மூடி வைத்துவிடுகிறான். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கத்தையே தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது. வகுப்புக் கட்டுரை ஏட்டில் மட்டும் அந்தப் போட்டி எதற்கு?

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா என்பதுதான் எதிரணியின் வலுவான வாதம். ஆசிரியரின் சுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் திருத்தச் சொல்லவில்லை. ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். நாளொன்றுக்குப் பத்து ஏடு என்று வைத்துக்கொண்டால், நான்கு நாளில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். ஐந்தாம் நாள், அதே கட்டுரையை அந்தக் கேள்விக்கு விடையாகத் திருத்தி எழுத, பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.