பலூனில் போனவர்கள் பறக்கவில்லையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய விளக்கத்திற்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள்களாக அது என்னை விடவில்லை. நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், மனிதன் பறந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்காகப் பாட்டாக எழுதி, ரைட் அண்ணன் தம்பி இருவரே முதன்முதலில் வானில் பறந்தார்கள் என்று ஒரு கண்ணி அமைத்திருக்கிறார். பாடி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் பலூனில் போனவர்கள் பறக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டாளாம். சிறுவர் பாட்டில் இவ்வளவு நுணுக்கம் பார்க்க வேண்டுமா என்பது ஆசிரியையின் சந்தேகம்.

பார்க்கத்தான் வேண்டும், அம்மா. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று செய்தது, காற்றைவிடக் கனமான ஓர் ஊர்தியை இயந்திர விசையால் எழுப்பி, ஆள் ஏறி, தம் கட்டுப்பாட்டில் ஓட்டியது. இத்தனை அடைமொழிகளையும் சேர்த்தால்தான் 'முதன்முதலில்' என்ற சொல் மெய்யாகும். சேர்த்தாலோ சந்தம் செத்துவிடும். ஆகவே அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். யார் முதல் என்பது பெரியவர்களின் வழக்கு.

அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே, பாட்டாவதற்கென்றே நடந்ததைப் போன்ற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பிரான்சில் காகிதம் செய்யும் குடும்பத்தில் பிறந்த மோங்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன், 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில், பதினாறாம் லூயி மன்னர் பார்த்திருக்க, ஓர் ஆட்டையும் ஒரு வாத்தையும் ஒரு சேவலையும் சுமந்து மேலே போனது. ஏன் இந்த மூன்று? ஆட்டின் உடல் ஏறத்தாழ மனித உடலைப் போன்றது என்பதால், மேலே மூச்சு முட்டுமா என்று அது காட்டிவிடும். வாத்து எப்படியும் உயரப் பறப்பதால், அதற்கு ஏதேனும் நேர்ந்தால் குற்றம் உயரத்தின்மேல் இல்லை, பலூனின்மேல்தான். சேவலோ சிறகிருந்தும் உயரே போகாதது. சுமார் 8 நிமிடத்தில், 3 கிலோமீட்டருக்கு அப்பால், மூன்றும் உயிரோடு இறங்கின. சேவலின் சிறகில் மட்டும் காயம். ஆடு உதைத்துவிட்டது என்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று இரண்டு மனிதர்கள் பாரிஸ் நகரத்தின் மேல் 25 நிமிடம் மிதந்தார்கள். மாணவிக்கு விடை இதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'புகை தூக்கிய பலூன்' என்று எழுதிவிடாதீர்கள். வைக்கோலையும் கம்பளியையும் எரித்த அவர்கள், புகைக்கே அந்த ஆற்றல் என்று நம்பினார்கள். உண்மையில் தூக்கியது, சூடேறி இலேசான காற்று.

எண் பாட்டுக்குப் பகையில்லை என்று இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். வழக்கமாகப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு முறை சொல்கிறேன். ரைட் விமானத்தின் அந்த முதல் ஓட்டம் 12 விநாடி, ஏறத்தாழ 36 மீட்டர். இன்றைய போயிங் 747 விமானத்தின் ஓர் இறக்கை முனையிலிருந்து மறு முனைவரை இதைவிட நீளம். என் பேத்திக்கு இதைச் சொன்ன அன்று, தெருவில் 36 மீட்டரை அளந்து கோடு கிழித்தேன். அவள் கைகளை விரித்துக்கொண்டு ஓட, நான் எண்ணினேன். ஒன்பது எண்ணுவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டு, "தாத்தா, அந்த விமானம் என்னைவிட மெதுவா?" என்றாள். மெதுதான், கண்ணே, மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் எதிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தம்பி ஆர்வில் இறக்கையின்மேல் குப்புறப் படுத்து ஓட்ட, அண்ணன் வில்பர் பக்கத்திலேயே ஓடிவந்தார். எத்தனை முறை நினைத்தாலும் அந்த ஓட்டம் எனக்கு அலுப்பதில்லை. ஆசிரியைக்காக ஒரு கண்ணி கட்டியிருக்கிறேன்:

எண்ணு பாப்பா பன்னிரண்டு,
எண்ணி முடிக்கும் நேரமே
அண்ணன் கால்கள் மண்ணிலே,
அவரின் தம்பி விண்ணிலே!

பிள்ளைகள் எண்ணி முடிக்கும்போது பறத்தலும் முடிந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன்: விழுந்ததைக் குழந்தைகளிடம் பாடலாமா? டிசம்பர் 14 அன்றே நாணயம் சுண்டிப் பார்த்ததில் அண்ணன்தான் வென்றார், ஏறினார், மூன்றரை விநாடியில் மணலில் வந்து இடித்தார். பழுது பார்த்தபின் தம்பியின் முறை வந்தது. 17ஆம் நாள் நான்காம் ஓட்டத்தில் அண்ணன் 59 விநாடி, 260 மீட்டர் பறந்துவிட்டார். சற்று நேரத்தில் காற்று அந்த விமானத்தைப் புரட்டிப்போட்டு நொறுக்கியது, பிறகு அது பறக்கவே இல்லை. இவர்களுக்கு முன்னால் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், தாம் செய்த சறுக்கு விமானங்களில் ஏறத்தாழ 2000 முறை பறந்து, 1896 ஆகஸ்டில் விழுந்து இறந்தார். அந்தச் செய்திதான் ரைட் சகோதரர்களின் பழைய ஆர்வத்தைக் கிளறிவிட்டது. பெரும்பாலான பாட்டுகள் இவரைத் தாண்டிப் போய்விடுகின்றன, எனக்கு அது உடன்பாடில்லை. விழுந்து எழும் பிள்ளைக்கு விழுந்தவரின் கதை அச்சம் தராது.

அம்மா, லிலியந்தாலுக்கு ஒரு கண்ணி நீங்கள் எழுதுங்கள். ஆட்டையும் வாத்தையும் சேவலையும் அந்த மாணவியிடம் விட்டுவிடுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த முறை இங்கே படிக்கிறேன்.