வெளிநாட்டில் கிடைப்பது அசல் தாய்லாந்துச் சாப்பாடா?

நேயர்களுக்கு வணக்கம்.

2014ஆம் ஆண்டு பாங்காக்கில் அரசுத் தரப்பிலிருந்து ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். புளிப்பும் காரமுமான டாம் யாம் சூப்பைக் கொஞ்சம் அதில் வைத்தால் போதும். மணத்தையும் சுவையையும் அளந்து, இது அசலுக்கு எவ்வளவு நெருக்கம் என்று நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் போட்டுவிடும். பிரதமராக இருந்த யிங்லக் ஷினவத்ரா வெளிநாடு போன இடங்களில் சாப்பிட்ட தாய்லாந்து உணவு வாய்க்கு ஒத்துவராமல் போனதில் தொடங்கிய முயற்சி இது. கருவி வெளியே வந்தபோது அவர் பதவியில் இல்லை; நடுவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. சூப்புக்கு மார்க் போடும் வேலை மட்டும் நிற்கவில்லை.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தாய்லாந்தில் ஒரு சாதாரண நூடுல்ஸ் கடையில் போய் உட்காருங்கள். மேசையில் நாலு சின்ன ஜாடிகள் இருக்கும். சர்க்கரை, மிளகாய் நறுக்கிப் போட்ட மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய்த் தூள். கிண்ணம் வந்ததும் முதலில் ஒரு வாய் ருசி பார்ப்பார்கள். பிறகு ஒருவர் சர்க்கரையை அள்ளிப் போடுவார், பக்கத்தில் இருப்பவர் வினிகரைச் சாய்ப்பார். சமைத்தவர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. கடைசிக் கைப்பக்குவம் சாப்பிடுகிறவருடையது என்று அங்கே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் எந்தக் கிண்ணத்தைக் காட்டி அந்தக் கருவிக்குப் பாடம் நடத்தினார்கள்?

சரி, பழமையை அளவுகோலாக வைத்துப் பார்ப்போமா? அதுவும் சிக்கல்தான். வெளிநாட்டு மெனுவில் முதலில் கண்ணில் படுவது பாத் தாய். அரிசி நூடுல்ஸை வாணலியில் பிரட்டுவது சீனர்களோடு வந்த பழக்கம். 1939இல் சயாமைத் தாய்லாந்து என்று பெயர் மாற்றிய அன்றைய பிரதமர் பிபுன்சொங்கிராம், தேசிய உணர்வை வளர்க்கும் வேலையோடு வேலையாக நூடுல்ஸையும் நாடெங்கும் பரப்பினார். புளியும் பனைவெல்லமும் உலர்ந்த இறாலும் சேர்ந்து அது உள்ளூர்ச் சரக்கானது. மிளகாயை எடுத்துக்கொண்டால், அதுவே போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆகவே வெளிநாட்டுக் கடைக்காரர் ஒன்றை மாற்றிவிட்டார் என்பதற்காக மட்டும் அவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. எதை மாற்றினார், யாருக்காக மாற்றினார் என்று கேட்கலாம். அதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

பொருள்களிலிருந்து தொடங்குவோம். பாத் கிரபாவ் என்று ஒரு வதக்கல் உண்டு. பூண்டையும் மிளகாயையும் இடித்துப் போட்டு, கொத்துக்கறியை அதிக சூட்டில் பிரட்டி, கடைசியில் கைநிறைய இலையைப் போட்டு இறக்குவார்கள். அந்த இலை நம் துளசி. மாடத்தில் வைத்துக் கும்பிடுகிறோமே, அதே இனம்தான். இறைச்சியோடு துளசியா என்று சிலர் காதைப் பொத்திக்கொள்வீர்கள், பரவாயில்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் பல கடைகளில் இதற்குப் பதிலாகச் சோம்பு வாசனை அடிக்கும் வேறொரு இலையைப் போடுகிறார்கள். அதற்குத் தாய் பேசில் என்று பெயர். அதுவும் தாய்லாந்து இலைதான், வேறு குழம்புகளுக்கு உரியது. துளசியின் காரமான, கிராம்பு போன்ற நெடி அதில் வராது. பச்சைக் குழம்பில் சுண்டைக்காய் போடுவார்கள், பச்சையாக, லேசான கசப்போடு. வெளிநாட்டில் அந்த இடத்தில் குடைமிளகாயும் பட்டாணியும் வந்து உட்கார்ந்துவிட்டன. கசப்பு போனது. கசப்பு போனால் தேங்காய்ப்பாலின் இனிப்பைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. குழம்பு பாயசத்தின் பக்கம் சாய்கிறது.

இதில் சமையல்காரரின் குற்றம் எவ்வளவு? எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய்க்குப் பயந்து, தாய்லாந்துக் குழம்புகளுக்கு மணம் தரும் மக்ரூட் எலுமிச்சையின் பச்சை இலையை வெளியிலிருந்து கொண்டுவர அமெரிக்கா கட்டுப்பாடு வைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் பாங்காக் மார்க்கெட் என்ற மளிகைக் கடை 1970களின் தொடக்கத்தில் திறக்கும்வரை, அங்கே குடியேறியவர்கள் கையில் கிடைத்ததை வைத்துத்தான் சமைத்தார்கள். அவர்கள் செய்த குழம்பைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது. பல்பொருள் அங்காடியில் புளி கிடைக்கிற இந்தக் காலத்திலும் பாத் தாயில் தக்காளி கெட்சப்பை ஊற்றுகிறாரே ஒருவர், அவரிடம்தான் என் வழக்கு.

அடுத்தது, மெனு. டோக்கியோ போனாலும் டொராண்டோ போனாலும் ஒரே பட்டியல்: டாம் யாம், பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு, பாத் தாய், மாம்பழத்தோடு ஒட்டரிசி. இது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். 2002 வாக்கில் தாய்லாந்து அரசு, உலகில் சுமார் 5,500 ஆக இருந்த தாய்லாந்து உணவகங்களை 8,000 ஆக்குவது என்று திட்டம் போட்டது. கடை திறக்கக் கடன், சமையல்காரர்களுக்குப் பயிற்சி, நல்ல கடைகளுக்கு வணிக அமைச்சின் தாய் செலெக்ட் முத்திரை என்று வரிசையாக வந்தன. நியூசிலாந்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் தாய்லாந்துச் சமையல்காரர்களுக்கென்றே தனி விசா வாங்கிவிட்டார்கள். சுற்றுலாவையும் அரிசி, சாஸ் ஏற்றுமதியையும் கணக்கில் வைத்துச் செய்த கெட்டிக்கார வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாருக்கும் பிடிக்கிற பட்டியல் என்று ஒன்று நின்றுவிட்டால், பாங்காக்கைச் சுற்றிய மத்தியச் சமவெளியின் தேங்காய்ப்பால் சமையலே முழு நாட்டின் சமையலாகிவிடுகிறது. வடகிழக்கில் இசான் மக்கள் மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுக்கும் பிளா ரா, மீனின் குடலைப் புளிக்கவைத்துத் தெற்கில் வைக்கும் காரக் குழம்பு, இவையெல்லாம் அந்த முத்திரைக்குள் சுலபமாக அடங்குவதில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வாடிக்கையாளரை நம்பி யார் முதல் போடுவார்கள்?

முதல் போட்ட இடமும் உண்டு. இங்கே சிங்கப்பூரில், பீச் ரோட்டில் இருந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். 2023இல் கடைகள் காலி செய்யும்வரை, ஞாயிற்றுக்கிழமை அங்கே போனவர்களுக்குத் தெரியும். கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்துத் தொழிலாளிகள்தான் வாடிக்கையாளர்கள். பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் சொம் தாமில் பிளா ராவும் உப்பு நண்டும் கேட்டுச் சாப்பிடுவார்கள், கையால் ஒட்டரிசியை உருட்டிக்கொண்டே. வாசலில் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போகும் பஸ் நிற்கும். அந்தக் கடைகளில் பலவற்றில் எந்தச் சான்றிதழும் தொங்கியதாக எனக்கு நினைவில்லை. சாப்பிடுகிற ஆள் ஊர்க்காரர், ருசி தப்பினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அந்தப் பயம் சமையல்காரருக்கு இருந்தது.

சமைப்பவர் ஊர்க்காரராக இருந்தே ஆக வேண்டுமா என்றால், அதுவும் இல்லை என்பேன். டேவிட் தாம்சன் ஆஸ்திரேலியர். லண்டனில் அவர் நடத்திய நாம் என்ற உணவகம் 2002இல், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. தாய்லாந்து உணவகம் ஒன்றுக்கு அது முதல் தடவை. தாய்லாந்தில் வசதியுள்ள குடும்பங்களில் ஒருவர் இறந்தால், தகனத்துக்கு வருபவர்களுக்கு நினைவுப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். இறந்தவர் சமையலில் பேர் வாங்கியவர் என்றால் அவருடைய சமையல் குறிப்புகளும் அதில் இருக்கும். தாம்சன் அந்தப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றிலிருந்து சமைத்தார். 2010இல் அவர் பாங்காக்கிலேயே கடை திறந்தபோது, இவர் யார் நமக்குச் சொல்லித்தர என்று அங்கே சிலருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் சொன்னால்தான் நம் பாட்டியின் குழம்புக்கு மதிப்பா என்பது எந்த ஊருக்கும் வலிக்கிற கேள்வி. ஆனாலும், தன் பாட்டி வீட்டுக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு டின்னில் அடைத்த மசாலாவை வாங்குகிற பாங்காக் சமையல்காரரைவிட அவர் சமையல் அசலுக்கு அருகில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை தாய்லாந்துக் கடைக்குப் போகும்போது நீங்கள் செய்ய இரண்டு காரியம் சொல்கிறேன். கிரபாவ் வதக்கலில் துளசி போடுவீர்களா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பரிமாறுபவரின் முகம் மலர்ந்தால், உள்ளே தமக்கென்று ஒரு கட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு பிரிக் நாம் பிளா வேண்டும் என்று சொல்லுங்கள். மீன் சாஸில் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்ட சின்னக் கிண்ணம் வரும், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள், நிதானம் தேவை, அந்தச் சின்ன மிளகாய் பொல்லாதது. மெனுவில் நட்சத்திரக் குறி போட்ட கார அளவை நம்பவேண்டாம்.

வணக்கம்.