பால்சா மூக்கு, பேப்பர் உடம்பு: பழைய பாணி மாடல் ராக்கெட் செய்வது எப்படி?

[காட்சி: அல்சூர், மொட்டை மாடி. பாய் மேல் கிட்டின் பாகங்கள்.]

வணக்கம். பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுறேன். ஒரு பேப்பர் குழாய், பால்சாங்கிற ரொம்ப லேசான மரத்துல கடைஞ்ச மூக்கு, ஒரு பால்சா பலகை, பாராசூட், ரப்பர் நாடா. 1960-கள்ல கிட் எப்படி வந்துச்சோ, அதே பாணி. இப்ப வர்ற பல கிட்ல மூக்கு பிளாஸ்டிக், ஃபின், அதாவது வால்ல ஒட்டுற இறக்கை, லேசர்ல வெட்டியே வந்துடும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம். இதுக்கு ஒரு வாரம் வேணும். அதுல பாதி நாள் மர ரேகையை அடைக்கவே போயிடும். அந்தப் பாதியைத்தான் இன்னைக்கு நிதானமா காட்டப் போறேன்.

1954-ல அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல செருப்புக்கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல் தான் முதல் மாடல் ராக்கெட்டைச் செஞ்சார். 1958-ல வெர்ன் எஸ்டஸ் ஆரம்பிச்ச கம்பெனி அதை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. திப்பு காலத்து மைசூர் ராக்கெட்டுக்கு இரும்புக் குழாய். உள்ளே அழுத்தம் தாங்கும், ரொம்ப தூரம் போகும். அது போர் ஆயுதம். இது தலை மேல விழுந்தாலும் காயம் படக்கூடாது. அதனாலதான் பேப்பரும் பால்சாவும்.

[காட்சி: கதவு நிலை, குழாய், பென்சில்.]

குழாய் மேல நேர்கோடு போட ஸ்கேல் உதவாது, உருளும். கதவு நிலையில இருக்கிற பள்ளத்துல குழாயைப் படுக்க வச்சு, விளிம்பை ஒட்டி பென்சிலை இழுங்க. கோடு கம்பி மாதிரி வரும். மூணு ஃபின், மூணு கோடு.

இப்ப ஃபின். மர ரேகை ஃபினோட முன் விளிம்புக்கு இணையா ஓடணும். குழாய்க்கு இணையா ஓடினா, தரையில பட்ட உடனே ஒட்டின இடத்தை ஒட்டியே பிளந்துடும். என்னோட முதல் ராக்கெட்ல மூணு ஃபினும் அப்படித்தான் போச்சு. முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பை மெல்லிசா உப்புத்தாள்ல தேயுங்க. ஒட்டும்போது ஃபெவிகால் ஒரு தடவை தடவி, காய விட்டு, மறுபடி தடவி அழுத்துங்க. முதல் பூச்சு பேப்பருக்குள்ள ஊறிடும், இரண்டாவதுதான் பிடிக்கும். கடைசியா இணைப்பு ஓரத்துல கோந்து விட்டு விரலால ஒரு இழுப்பு.

எஞ்சின் கூடு, பாராசூட் எல்லாம் கிட்ல இருக்கிற படத்தைப் பார்த்தே முடிச்சிடலாம்.

[காட்சி: ஃபின், மிக அருகில்.]

இங்க பாருங்க. கண்ணுக்கு வழவழன்னு இருக்கு. நகத்தை வச்சு இழுங்க, வரி வரியா தடுக்கும். பெயின்ட் அடிச்சா அந்த ஒவ்வொரு வரியும் பெரிசா தெரியும். தச்சுக்காரங்க மேசைக்கு அடிக்கிற சாண்டிங் சீலரே போதும். ஒரு பூச்சு, காய்ஞ்சதும் 320 உப்புத்தாள், மறுபடி பூச்சு. ஃபினுக்கு நாலு தடவை ஆச்சு. மூக்கோட நுனியில மரத்தோட வெட்டுமுகம் இருக்கு, உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதுக்கு ஆறு. குழாயில சுருள் சுருளா ஓடுற தையலுக்கு பட்டி பார்க்கணும். பட்டியைத் தண்ணி மாதிரி கரைச்சு, கோட்டு மேல மட்டும். தேய்க்கும்போது பேப்பர் ரோமம் எழுந்தா நிறுத்திடுங்க.

பூசறதுல முக்கால்வாசியைத் தேய்ச்சு எடுத்துடணும். வால்ல ஏறுற ஒவ்வொரு கிராமும் ராக்கெட்டைத் தடுமாற வைக்கும். கடைசியில காட்டுறேன்.

பெயின்ட்டுக்கு நாள் பார்க்கணும். ஆகஸ்ட் தூறல்ல நான் அடிச்ச சிவப்பு, பத்து நிமிஷத்துல சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துடுச்சு. தின்னர் சட்டுனு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சிடும். பிப்ரவரி, மார்ச் வெயில் நல்லது. முதல்ல வெள்ளை, அப்புறம்தான் மத்த நிறம்.

ராக்கெட் மேல போடுற கறுப்பு-வெள்ளைக் கட்டம் அழகுக்காக மட்டும் வந்தது இல்ல. நிஜ ராக்கெட் சுழலுதான்னு கேமராவுல தெரியத்தான் போட்டாங்க. மாஸ்கிங் டேப் ஒட்டினதும், அதோட ஓரத்துல முதல்ல வெள்ளையே ஒரு தடவை அடிங்க. அது இடுக்கை அடைச்சிடும், மேல அடிக்கிற கறுப்பு உள்ளே கசியாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இந்த டேப்பை உரிக்கிறதுதான்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். எஞ்சின்ல இருக்கிறது வெடிமருந்து. அனுமதி இல்லாம வாங்கவோ, ஊருக்குள்ள விடவோ வேண்டாம். தீபாவளி மருந்தை வச்சு நீங்களே செய்றது வேண்டவே வேண்டாம். விரல் போயிடும்.

[காட்சி: நூலில் தொங்கும் ராக்கெட்.]

எஞ்சினுக்குப் பதிலா, அதே 20 கிராம் எடையில களிமண் அடைச்ச பேப்பர் குழாய் உள்ளே இருக்கு. ராக்கெட் சமமா நிக்கிற இடத்துல நூல் கட்டி, நேரா போகுதான்னு பார்க்க தலைக்கு மேல சுத்துறேன்.

பக்கவாட்டுல போகுது, பாருங்க. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நேரா போச்சு. வால் கனத்துடுச்சு.

[காட்சி: மூக்கின் அடியில் களிமண் உருண்டை. மறுபடி சுற்றல்.]

மூக்குக்குள்ள மூணு கிராம். இப்ப மூக்கு முன்னாடி.