ஏழு பாகையில் ஒரு வானிலை வரைபடம்

வணக்கம் நேயர்களே.

தை, மாசி மாதங்களில் காலித் துறைமுகப் பக்கம் போனால் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் கட்டி நிற்பதைப் பார்க்கலாம். தாய்லாந்து, மலேசியாப் பக்கமிருந்து வாடைக்காற்றைப் பிடித்து வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தவை. தண்ணீரும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு மாலைதீவுப் பக்கம் போய்விடும். நடுக்கடலில் இவர்களுக்கு வானிலை எப்படித் தெரிகிறது என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடலோடி அல்ல. வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் அன்ரனா கட்டி வைத்திருக்கும் ஓர் அமெச்சூர் வானொலிக்காரன். படகுக்காரர்களின் றேடியோக்களைப் பார்த்துக் கொடுக்கப் போய், அப்படியே இந்த வரைபடங்களில் மாட்டிக்கொண்டவன்.

வானத்திலிருந்து படகுக்கு இரண்டு சாமான்கள் இறங்குகின்றன. ஒன்று, சிற்றலை வானொலியில் வரும் வரைபடம். மற்றது, செய்மதி நேரே அனுப்பும் முகிற் படம். இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். வரைபடம் என்பது கரையில் ஒரு வானிலையாளர் யோசித்துக் கீறியது. படம் என்பது இந்த நிமிடம் மேலேயிருந்து கண்டது. ஒன்று தீர்ப்பு, மற்றது சாட்சி.

வரைபடத்தை முதலில் எடுப்போம். அவுஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் வில்லூனா என்றோர் ஊர். அங்கிருந்து இந்து சமுத்திரத்துக்கான வானிலை வரைபடங்கள் சிற்றலையில் ஒலிபரப்பாகின்றன. யப்பானிலிருந்தும் வருகின்றன. அலைவரிசையைப் பிடித்தால் காதில் விழுவது, பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுவது போன்ற சத்தம், செக்கனுக்கு இரண்டு இழுவை. ஒவ்வொரு இழுவையும் வரைபடத்தின் ஒரு கோடு. நிமிடத்துக்கு 120 கோடுகள். கறுப்புப் புள்ளிக்கு 1500 ஹேர்ட்ஸ் சுருதி, வெள்ளைக்கு 2300 ஹேர்ட்ஸ். அவ்வளவுதான் இரகசியம். ஒலிபெருக்கியின் முன்னால் மடிக்கணினியையோ கைத்தொலைபேசியையோ வைத்தால்கூட, அதற்கான மென்பொருள் சுருதியைக் கேட்டுக் கேட்டுப் படத்தை நெய்துவிடும். ஒரு வரைபடம் முடிய ஏறக்குறையப் பத்து நிமிடம்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அட்டவணையில் 10555 கிலோஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கும். றேடியோவை மேற்பக்கப் பட்டை என்ற கேட்கும் முறையில் போட்டு அதே எண்ணை வைத்தால் படம் வராது. 1.9 கழித்து 10553.1 இல் வைக்க வேண்டும், அப்போதுதான் கறுப்பும் வெள்ளையும் சரியான சுருதியில் விழும். கருவி பழுதென்று தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப்பேருக்கு இந்த 1.9 தான் மருந்து.

மற்றப் பாதிக்கு மருந்து, படகின் சுவிச்சுகளை அணைப்பது. குளிர்சாதனப் பெட்டி, சூரியப் பலகையின் மின்னூட்டக் கட்டுப்பாட்டுக் கருவி, இன்வேர்ட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, எல்லாம் சிற்றலையில் இரைச்சலைக் கொட்டும். வெள்ளவத்தையில் லிப்டும் விளக்குகளும் சேர்ந்து என் காதை அடைப்பது போதாதென்று அடுக்குமாடிக்கு அடுக்குமாடி கூடிக்கொண்டே போகிறது. கடலில் அந்தத் தொல்லை இல்லை. இருக்கும் இரைச்சல் எல்லாம் படகுக்காரர் தாமே ஏற்றிக்கொண்டு போனது. பத்து நிமிடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்டால், பாய்மரத்தில் ஏற்றிக் கட்டிய சில மீற்றர் கம்பியே போதும்.

இனிச் செய்மதி. இங்கே அண்மையில் ஒரு காலம் முடிந்தது. 1963 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய ரைரோஸ் 8 செய்மதிதான், கீழே யார் வேண்டுமானாலும் எளிய கருவியால் பிடிக்கக்கூடிய படத்தை முதலில் அனுப்பியது. அந்த முறையின் கடைசி வாரிசுகள் நோவா 15, 18, 19 என்ற மூன்று. மூன்றையும் 2025 இல் அணைத்துவிட்டார்கள், 18 ஐ ஜூனிலும் மற்ற இரண்டையும் ஓகஸ்டிலும். நோவா 15 ஏவப்பட்டது 1998 இல் என்பதை நினைத்தால், உழைத்தது போதும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அவற்றின் படம் வரும்போது கேட்ட டிக் டொக் சத்தம் இல்லாத 137 மெகாஹேர்ட்ஸ் பட்டை எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போது அந்தப் பட்டையில் கேட்பது ரஷ்யாவின் மீற்றியோர் செய்மதிகள், 137.1 இலும் 137.9 இலும். இவை எண்முறையில் அனுப்புகின்றன. பழைய படத்தில் ஒரு புள்ளி தரையில் நான்கு கிலோமீற்றர். இதில் ஒரு கிலோமீற்றர். ஆனால் பழையது பலவீனமாக வந்தாலும் மணல் தூவினாற்போல ஏதோ ஒன்று தெரியும், இது போதிய பலத்தில் வராவிட்டால் அந்த இடத்தில் வெறும் கறுப்புப் பட்டை. துருவத்துக்குத் துருவம் சுற்றும் இந்தச் செய்மதி, தொடுவானில் எழுந்து மறுபக்கம் மறைய அதிகம் போனால் கால் மணித்தியாலம். அதற்குள் பிடிக்க வேண்டும். என் மாடியில் இருப்பது 53 சென்ரிமீற்றர் அலுமினியக் கம்பிகள் இரண்டு, 120 பாகை விரித்துக் கிடையாகக் கட்டியது, அதன் அடியில் தொலைக்காட்சி பிடிப்பதற்காகச் செய்த விரற்கடை அளவு யூ.எஸ்.பி. கருவி ஒன்று. படகு ஆடுவதால் அங்கே இதைவிட, நான்கு கம்பிகளைச் சுருளாக முறுக்கிய அன்ரனா நன்றாக வேலை செய்யும். எந்தப் பக்கம் சரிந்தாலும் அதற்கு வானம் தெரியும்.

ஓரிடத்திலேயே நிற்பது போன்ற 36,000 கிலோமீற்றர் உயரச் செய்மதிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். 1945 இல் அவற்றின் பயனை எழுதிக் காட்டிய ஆதர் சி. கிளார்க் பின்னாளில் கொழும்பு பார்ன்ஸ் பிளேசில்தான் வாழ்ந்தார், எங்களுக்கு அதில் ஒரு உரிமை உண்டு. ஆனால் அவற்றை நேரே பிடிக்கத் தட்டு அன்ரனாவைக் குறிபார்த்து அசையாமல் வைக்க வேண்டும். அலையில் உருளும் சிறு படகில் அது சரிப்படாது.

சரி, வரைபடமும் படமும் கைக்கு வந்துவிட்டன. பிடிப்பது சுலபம், வாசிப்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

ஐரோப்பியக் கடலில் பழகியவர்கள் சம அமுக்கக் கோடுகள் நெருங்கியிருந்தால் பலத்த காற்று, விலகியிருந்தால் மென்காற்று என்று படித்து வந்திருப்பார்கள். அங்கே அது சரி. கொழும்பு இருப்பது வடக்கே ஏழு பாகையில். புவி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் விலகல் இங்கே மிகக் குறைவு. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 45 பாகையில் உள்ள அதே அமுக்கச் சரிவு இங்கே ஏறக்குறைய ஆறு மடங்கு காற்றைத் தர வேண்டும். நடைமுறையில் அந்தச் சூத்திரமே மத்திய கோட்டை நெருங்க நெருங்கச் சரிந்து போகிறது. விளைவு என்னவென்றால், வரைபடத்தில் வங்காள விரிகுடா முழுவதற்கும் ஒன்றிரண்டு கோடுகள்தான் இருக்கும். கடல் சமர்த்தாகக் கிடக்கிறது என்று நம்பிப் பாயை விரித்து ஏமாறுவார்கள். அதனால்தான் அவுஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள வானிலையாளர்கள் இந்தப் பகுதிக்குக் காற்றோட்டக் கோடுகளைக் கீறுகிறார்கள். எங்கே காற்று ஒன்று சேர்கிறது, எங்கே சுழல்கிறது என்பதை அதில் பார்க்கலாம். இரண்டும் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் விரிப்பேன்.

2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியை யோசித்துப் பாருங்கள். காற்று வேகத்தை வைத்துப் பார்த்தால் அது பெரிய சூறாவளி அல்ல. நாட்டைச் சிதைத்தது மழையும் வெள்ளமும் மண்சரிவும். வரைபடத்தில் சம அமுக்கக் கோட்டு வளையங்களை எண்ணித் தாழமுக்கத்தை மதிப்பிடுபவருக்கு அப்படியொன்று எளிதில் பிடிபடாது.

இன்னொன்று மன்னார் வளைகுடா. வாடைக்காலத்தில் பாக்கு நீரிணையின் ஒடுக்கத்துக்குள்ளால் பிதுங்கி வரும் காற்று அங்கே வேகமெடுக்கும். காலியிலிருந்து கொச்சிக்குப் போகும் படகுகள் கொழும்பைத் தாண்டியதும் அடிவாங்குவது அதனால். சமுத்திரம் முழுவதையும் ஒரு தாளில் அடக்கும் வரைபடத்தில் அந்த ஒடுக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. எங்கள் வடபகுதி மீனவர்களுக்கு இதைச் சொல்ல எந்தச் செய்மதியும் தேவையில்லை. 1937 இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, சுயஸ் வழியாக, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் பிடித்த 89 அடிப் பாய்க்கப்பல் அன்னபூரணியின் தண்டையலிடமும் இப்படியொரு தாள் இருந்திருக்காது.

முகிற் படத்துக்கும் தன் பொய் உண்டு. அகச்சிவப்புப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது மழை அல்ல, முகில் உச்சியின் குளிர். உயரத்தில் பரந்த மெல்லிய முகிலும் வெள்ளையாகத் தெரிந்து பயமுறுத்தும். ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் தரைக்கு மேல் கிளம்பி, இரவில் மேற்குக் கடலுக்குள் இறங்கும் இடிமுகில்களைக் காட்டுவது இந்தப் படம்தான். காலையில் கீறிய வரைபடம் அவற்றைச் சொல்லாது. உலக நேரம் பூச்சியம் என்று போட்ட வரைபடம் நமக்குக் காலை ஐந்தரை மணி நிலைமை. கைக்கு வரும்போது பல மணித்தியாலம் பழசு. ஆகவே முதலில் மூலையில் உள்ள நேரத்தைப் பார்க்க வேண்டும்.

பாரமானியையும் விட்டுவிடக்கூடாது. இந்தப் பக்கம் அது தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நான்கு மணியளவில் தாழ்வு, இரவு பத்துக்கு மறுபடி உச்சம். அந்த வழக்கமான இறக்கத்தைப் பார்த்துப் பதறக்கூடாது. பத்து மணிக்கு ஏற வேண்டியது ஏறாமல் நின்றால்தான் வரைபடத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

இப்போதெல்லாம் படகிலும் செய்மதி இணையம் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இணையம் இருந்தால் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும், மாதக் கட்டணம் வேண்டும், நிறைய மின்சாரம் வேண்டும். இணையச் செயலியில் வரும் வண்ண அம்புகள் பெரும்பாலும் கணினி மாதிரியின் நேரடிக் கணக்கு, மனிதர் எவரும் திரும்பிப் பார்க்காதது. சிற்றலை வரைபடத்தில் ஒருவர் உட்கார்ந்து, இந்தத் தாழமுக்கம் இங்கே என்று முடிவெடுத்திருக்கிறார். அதை வாங்க யாரிடமும் பெயர் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு, வில்லூனா இரவில் 7535 இலும் பகலில் 15615 இலும் தேடத்தக்கது. கழிக்க வேண்டிய 1.9 ஐக் கழித்தால் 7533.1, 15613.1. லிப்ட் ஓடாத நேரமாகப் பாருங்கள். வணக்கம்.