காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள்?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துக் கழித்தவன் நான். இன்றைக்கும் எந்த அம்மாவைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, காய்ச்சலுக்கு இன்று எத்தனையாவது நாள் என்றுதான். எரிச்சலாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு மழைத்தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெருச்சாளி நீந்துகிற அதே தண்ணீரில்தான் பிள்ளைகளும் குதிப்பார்கள். எலியோ மாடோ நாயோ விட்ட சிறுநீர் அதில் கலந்து, காலில் இருக்கும் சிராய்ப்பு வழியே உள்ளே போனால் எலிக்காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காயும். அதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும், நமக்கும் மறந்திருக்கும்.

மூன்றாம் நாளே ரத்தம் கொடுத்து, எலிக்காய்ச்சல் இல்லை என்று சீட்டு வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வழக்கமான சோதனை தேடுவது கிருமியை அல்ல. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது ரத்தத்தில் தெரிய ஐந்தாறு நாளாவது ஆகும். அதனால்தான் நாளைக் கேட்கிறேன்.

ஒரு பையன், ஏழு வயது. வியாசர்பாடிப் பிள்ளை, பந்து என்றால் உயிர். டெங்கு என்று சீட்டு வந்துவிட்டது. தட்டணுக்களும் குறைவு. சரி, விஷயம் தெரிந்துவிட்டது என்று எல்லோரும் இருந்தோம், நானும்தான். எட்டாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. சட்டை மாற்றிய ஆயாம்மா கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, பீடி சுட்ட மாதிரி?” என்றார். அக்குளில் கறுப்பாக ஒரு பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை, பையன் ஏன் சொல்லப் போகிறான்? பாட்டியிடம் கேட்டால், தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஆட்டுக்குட்டி பின்னாலேயே புதரெல்லாம் சுற்றினானாம். உண்ணிக்காய்ச்சல்! டாக்டர் அதற்கான மருந்து கொடுத்ததும் இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. டெங்குச் சீட்டும் பொய்யில்லை. கூடவே இதுவும் இருந்திருக்கிறது. ஒரு நோய் இருந்தால் இன்னொன்று வராது என்று எந்தக் கிருமி எழுதிக் கொடுத்தது?

உண்ணி என்றதும் நாயைத் துரத்தாதீர்கள். இது செடி, புதரில் இருக்கும் வேறு பூச்சி. கடிப்பது அதன் குஞ்சு, கண்ணுக்கே தெரியாது. கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் என்று பிள்ளையை முழுக்கப் பாருங்கள். இந்தச் சோதனைக்குக் காசில்லை. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

1916-இல் வந்து, பிற்பாடு இதற்கும் பயன்பட்ட ஒரு பழைய சோதனையை, கண்டுபிடித்த இருவர் பெயரால் எங்கள் லேபில் ‘வெயில்-ஃபெலிக்ஸ்’ என்பார்கள். மழைக்கால நோய்க்கு வெயில்! வேறொரு கிருமியை வைத்துக்கொண்டு இதைத் தேடும் சோதனை அது. பல நேரம் கோட்டை விடும்.

உண்டு என்று வருகிற சீட்டிலும் சிக்கல் உண்டு. எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அது போன மழைக்கு வந்த காய்ச்சலாகக்கூட இருக்கலாம். ஒரு வாரம், பத்து நாள் விட்டு மறுபடி எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்த்தால்தான் உறுதி. ஆனால் அதுவரை மருந்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். எனவே காய்ச்சல் தொடங்கிய தேதியை... காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள்.

நாய், மாடு பற்றி நிறைய எழுதி வந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வீட்டு நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி உண்டு; வெறிநாய்க்கடி ஊசி வேறு, இது வேறு. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வணக்கம்.